மறு: பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் – ‘காற்றுக்கடப்புக் குணகம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நெடுந்தொலைவு இலக்குச் சுடுதலுக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், துப்பாக்கிக் குண்டு வேகத்தை இழக்காமல் காற்றைக் கடக்கும் தன்மையைக் காட்டும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்னும் எண்ணுக்கு இதுவரை எறியியல் குணகம், ஊடுருவல் எண், காற்றுத்தடைக் குணகம் என மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உள்ளது. இந்த எண்ணைத் தேடிவருபவர் பெரும்பாலும் எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவுசெய்ய முனைபவர். ஆகவே அந்த முடிவில் இந்த எண் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு பெயருக்கு வருவதே முறை.

அதற்கும் முன்னதாகத் தோட்டாவையும் குண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பித்தளை உறை, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருளே தோட்டா. குழலை விட்டு வெளியேறிப் பறப்பது குண்டு மட்டுமே. ‘தோட்டா பாய்ந்தது’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி இந்த வேறுபாட்டை மழுங்கடித்துவிட்டன. இலங்கை வழக்கில் உள்ள ரவை, சன்னம் ஆகியவற்றை மாற்றுச்சொற்களாகக் குறித்துவைத்துக்கொண்டு, தோட்டா, குண்டு என்ற இணையையே தலைச்சொற்களாக நிறுத்தலாம் என்பது என் கருத்து. நாம் பெயர் தேடும் எண் குண்டுக்கு உரியதே தவிரத் தோட்டாவுக்கு உரியது அன்று. 1952-இல் அறிமுகமான .308 வின்செஸ்டர் தோட்டாவில் 155 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் சிறு அலகு; ஒரு பவுண்டுக்கு 7000) குண்டையும் பொருத்தலாம், 175 கிரெய்ன் குண்டையும் பொருத்தலாம். தோட்டாவின் பெயர் அப்படியே இருக்க, எண் மட்டும் மாறிவிடும்.

அந்த எண்ணில் இரண்டு கூறுகள் உள்ளன. குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் அளந்த விட்டத்தின் இருபடியால் வகுத்தால் கிடைப்பதைக் குறுக்கடர்த்தி எனலாம். அதை மீண்டும் வடிவக் காரணியால், அதாவது ஒரு நியமக் குண்டோடு ஒப்பிட இந்தக் குண்டின் வடிவம் எவ்வளவு காற்றுத்தடையைச் சந்திக்கிறது என்னும் விகிதத்தால் வகுத்தால், நாம் பேசும் எண் வந்துவிடும். 6.5 கிரீட்மூர் தோட்டாவில் வழக்கமாகப் பொருத்தப்படும் 140 கிரெய்ன் குண்டின் குறுக்கடர்த்தி 0.287; .308-இன் 175 கிரெய்ன் குண்டுக்கோ அது 0.264 தான். எடை குறைந்த குண்டு முந்துவதற்குக் காரணம் அதன் ஒடுக்கமான விட்டம். மூக்கு நீண்டு, அடிப்புறம் படகின் வால் போல் ஒடுங்கியிருந்தால் வடிவக் காரணியும் குறைந்து, இடைவெளி இன்னும் விரியும். 2007-இல் அறிவிக்கப்பட்ட கிரீட்மூரின் உறையை .308-இன் உறையைவிடச் சற்றுக் குட்டையாக அமைத்ததே, இப்படிப்பட்ட நீண்ட மூக்குக் குண்டுகளைப் பொருத்திய பின்னும் முழுத் தோட்டா துப்பாக்கியில் செருகும் அதே தோட்டாப் பெட்டியில் அடங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இனி, இந்த எண் இலக்குப் பலகையில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். குறுக்கே வீசும் காற்று குண்டை ஒதுக்கும் அளவு, குண்டு பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், காற்றே இல்லாத வெளியில் அதே தொலைவைக் கடக்க ஆகும் நேரத்தைவிடக் குண்டு எவ்வளவு பிந்தி வருகிறதோ, அந்தப் பிந்துநேரத்தையே அது பொறுத்தது. பிந்துநேரத்தைக் குறுக்குக்காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். கடல்மட்டக் காற்றில் வினாடிக்கு 2600 அடி வேகத்தில் புறப்படும் 175 கிரெய்ன் .308 குண்டு, 1000 கெஜத்தில் (914 மீட்டர்) ஏறத்தாழ 0.57 வினாடி பிந்துகிறது. 2700 அடி வேகத்தில் புறப்படும் 140 கிரெய்ன் கிரீட்மூர் குண்டு ஏறத்தாழ 0.42 வினாடிதான் பிந்துகிறது. ஆகவே காற்றின் வேகத்தை வினாடிக்கு ஒரு மீட்டர் அளவு தவறாகக் கணித்துவிட்டால், முன்னது இலக்கின் நடுவிலிருந்து சுமார் 57 சென்டிமீட்டர் விலகிப்போய் விழும், பின்னது சுமார் 42 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அத்தொலைவில் ஒரு கலை என்பது ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். (பாகையில் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்று வழங்குவது நம் வானநூற் கணக்கில் பழையது, மினிட் ஆஃப் ஆங்கிள் என்பதற்குப் புதுச்சொல் தேடி யாரும் சிரமப்பட வேண்டாம்.) அரைக் கலைக்கே புள்ளி பறிபோகும் போட்டியில் 15 சென்டிமீட்டர் வேறுபாடு பெரிது.

இந்தப் பின்னணியில் மூன்று சொற்களையும் எடைபோடலாம். எறியியல் குணகம் பிழையான சொல் அன்று. ஆனால் எறியியலில் குணகங்கள் பல இருக்க, இது எதை அளக்கிறது என்பதை அது சொல்லவில்லை. ஊடுருவல் எண் என்பது காற்றை ஊடுருவுவதைக் கருதி முன்வைக்கப்பட்டது என்றாலும், துப்பாக்கிப் பேச்சில் ஊடுருவல் என்றதும் வாசகர் பலகையையோ தகட்டையோ துளைப்பதைத்தான் நினைப்பார். பலகையைத் துளைப்பதில் இலக்குச் சுடுநருக்கு எந்த அக்கறையும் இல்லை. காற்றுத்தடைக் குணகம் இவற்றைவிடச் சிக்கலானது. டிராக் கோஎஃபிஷியன்ட் என்னும் வேறோர் அளவுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்கிவருகிறது. அது குறையக் குறைய நல்லது, நம்முடைய எண்ணோ கூடக்கூட நல்லது. எதிரெதிராக நகரும் இரண்டு அளவுகளுக்கு ஒரே பெயரை வைத்தால், பட்டியலைப் பார்த்துக் குண்டு தேர்ந்தெடுப்பவர் நேர்மாறான முடிவுக்கு வரக்கூடும்.

ஆகவேதான் ‘காற்றுக்கடப்புக் குணகம்’ என்று முன்மொழிகிறேன். வேகத்தை இழக்காமல் காற்றைக் கடந்து செல்லும் தன்மை என்பது பெயரிலேயே தெரிகிறது, கூடினால் நல்லது என்ற குறிப்பும் அதில் இயல்பாக அமைந்துவிடுகிறது. ஒரு முறை முழுமையாக எழுதிய பின் கடப்புக் குணகம் என்று சுருக்கிக்கொள்ளலாம். எண் என்பதை நான் தவிர்ப்பதற்குக் காரணம், இந்த அளவுக்கு அலகு உண்டு என்பதே. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அந்த அலகை யாரும் எழுதுவதில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. குணகம் என்பதற்குப் பதிலாகக் கெழு என்ற சொல்லை விரும்பும் நண்பர்களோடு எனக்குப் பகையில்லை. ஆனால் உராய்வுக் குணகம் பாடநூல்களில் வேரூன்றிவிட்டதால், இயற்பியல் அளவு ஒன்றுக்கு அந்த வழியே போவது வசதி.

சொல்லோடு நியமத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதை விதியாகவே வைக்கலாம். ஜி1 என்பது தட்டையான அடிப்புறமும் குட்டை மூக்கும் கொண்ட பழைய நியமக் குண்டு; ஜி7 என்பது ஒடுங்கிய அடியும் நீண்ட மூக்கும் உடையது. மேலே சொன்ன அதே 175 கிரெய்ன் குண்டுக்கு ஜி1 கணக்கில் ஏறத்தாழ 0.5 என்றும் ஜி7 கணக்கில் ஏறத்தாழ 0.25 என்றும் வரும். நியமத்தைக் குறிப்பிடாமல் ஒன்றை ஒரு பட்டியலிலிருந்தும் மற்றொன்றை வேறொரு பட்டியலிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால், முடிவு குப்பைதான். விற்பனையாளர்கள் பெரிய எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிடுவதையே விரும்புவார்கள் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

‘நெடுந்தொலைவுத் திறன்’ என்ற நான்காவது யோசனையையும் ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். தோட்டாத் தேர்வு இந்த ஒரு குணகத்தோடு முடிவதில்லை என்பதால் அந்தப் பெயர் தகுதிக்கு மீறியது. நெடுந்தொலைவுச் சுடுதல் போட்டிகளில் ஒன்றான எஃப்-டிஆர் பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அங்கே கிரீட்மூரின் குணகத்தைப் பேசிப் பயனில்லை. .300 வின்செஸ்டர் மேக்னம் கனமான குண்டை வேகமாக அனுப்பும். ஆனால் அதன் பின்னுதைப்பைத் தாங்கிக்கொண்டு ஒரு போட்டி முழுவதும் ஒரே சீராகச் சுடுவது எல்லோருக்கும் கைவராது. ஏறத்தாழ அதே அளவு மருந்தைக் குறுகிய துளையில் எரிப்பதால், கிரீட்மூரின் குழல் .308-இன் குழலைவிட விரைவில் தேய்ந்துவிடும். நீண்ட குண்டு பறக்கும்போது நிலைகுலையாமல் இருக்கக் குழலின் உட்புரி (குண்டைச் சுழலவைக்க உட்சுவரில் திருகுபோல் வெட்டிய வரி) போதிய அளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதும் உண்டு, 6.5 குழல்களில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கம். இவற்றில் எதையும் கடப்புக் குணகம் சொல்வதில்லை, சொல்வதாகப் பெயர் காட்டவும் கூடாது.

மறுப்பு இல்லையெனில் தலைச்சொல்லாகக் காற்றுக்கடப்புக் குணகம், சுருக்கமாகக் கடப்புக் குணகம், மாற்றுச்சொல்லாக எறியியல் குணகம் எனப் பதியலாம். பிந்துநேரத்தை நான் மேலே விளக்கத்துக்காகவே பயன்படுத்தினேன். அதற்கும், குண்டு ஒலியின் வேகத்தை நெருங்கித் தடுமாறும் கட்டத்தைக் குறிக்க நான் நினைத்துவைத்திருக்கும் ‘ஒலியொட்டு வேகம்’ என்பதற்கும் தனி இழைகள் தொடங்குவது வசதி.