வசனம் கேட்கலைன்னா மார்க்கைக் குறைக்கலாமா? ஒரு மழைக் காட்சியை வைத்து நடக்கும் சண்டை

கடைசிவரிசை:
அணைக்கட்டில் பிணம் மிதக்கும் அந்த எட்டு எபிசோடு சீரிஸை முடித்தவர்கள் மட்டும் படிக்கவும், கதை கொஞ்சம் வெளியே வரும். எல்லாரும் 10க்கு 9 போட்டுத் தள்ளுகிறார்கள். நான் 5தான் போடுவேன். கதையிலோ நடிப்பிலோ குறை இல்லை, ஒலிதான் காரணம். மூன்றாவது எபிசோடில் மழையில் நிற்கும் காருக்குள் அக்காவும் தம்பியும் பேசும் ஆறு நிமிஷம்தான் மொத்தக் கதைக்கும் சாவி. அதில் பாதி வசனம் மழைச் சத்தத்தில் கரைந்துவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த ஷாட்டில் லாரி மோதும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே பார்க்க வேண்டிய சீரிஸ் நல்ல சீரிஸ் கிடையாது. "உங்க டிவி சரியில்லை" என்று கிளம்பி வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அதே டிவியில், அதே வால்யூமில், செய்தி வாசிப்பு ஒரு எழுத்து விடாமல் கேட்கிறது.

நடுச்சேனல்:
கிளம்பி வந்தாச்சு பாஸ். :)

செய்தியோடு ஒப்பிடுவதே தப்பு. வாசிப்பவருக்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், பின்னணியில் ஒன்றுமே இல்லை, குரலையும் அழுத்திச் சமப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். அளவுகோலே வேறு. டிஜிட்டல் உச்சத்துக்கு எத்தனை டெசிபல் கீழே என்றுதான் இதை எண்ணுவார்கள்: ஐரோப்பிய ஒளிபரப்புக்கு சராசரி ஒலியளவு −23, அமெரிக்காவில் −24. நெட்ஃப்ளிக்ஸ் தனக்கு வரும் படைப்புகளில் வசனத்தின் சராசரி −27 இருக்க வேண்டும், கூடக்குறைய 2 மட்டும் என்கிறது. அதாவது டிராமாவில் குரல் செய்தியைவிட மூன்று நான்கு டெசிபல் தாழ்வாகவே வரும். லாரி மோதலுக்கு மேலே இடம் விட வேண்டுமே! சேனலிலிருந்து சீரிஸுக்குத் தாவும்போது வால்யூமை இரண்டு மூன்று புள்ளி ஏற்றுவது இயல்பான வேலை, அதைத் தோல்வி என்று எழுதாதீங்க.

கார் காட்சிக்கு வருகிறேன். அது 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பிரித்து, கலக்கப்பட்டது. குரல் நடு ஸ்பீக்கரில், மழை சுற்றிலும் உள்ள மற்ற நான்கில். குரல் ஒரு திசையிலும் இரைச்சல் வேறு திசையிலும் இருந்தால் காது இரண்டையும் பிரித்துக்கொள்ளும். உங்கள் டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். அது என்ன செய்கிறது என்றால், நடுச் சேனலை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் போடுகிறது, பின்பக்க மழையையும் 3 டெசிபல் குறைத்து அதே இரண்டிலேயே கொட்டுகிறது. இப்போது மழையும் குரலும் ஒரே ஓட்டை வழியாக வருகின்றன. மிக்ஸ் போட்டவர், அதாவது ஒலிகளைக் கலந்தவர், என்ன பண்ணுவார்?

கடைசிவரிசை:
என்ன பண்ணுவாரா? இரண்டு ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேட்பார். ஓடிடிக்கென்றே எடுத்த சீரிஸ் இது, தியேட்டருக்கே போகாது. பார்க்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் டிவி ஸ்பீக்கரில், லேப்டாப்பில், போனில்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்தே எடுத்தது. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டச் சொல்கிறீர்கள்.

ஒலிமேசை:
இரண்டு பேரும் மிக்ஸையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பாதிப் பிரச்சினை அதற்கு முன்பே, செட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஒரே நேரத்தில் இரண்டு கேமரா, ஒன்று வைட், ஒன்று க்ளோசப் என்று ஓட்டினால், பூம் மைக் (நீளக் கம்பில் கட்டித் தலைக்கு மேல் நீட்டுவது) வைட் ஃபிரேமுக்கு வெளியேதான் நிற்க முடியும். க்ளோசப்புக்கு இரண்டடியில் வந்திருக்க வேண்டிய மைக் ஆறடிக்குத் தள்ளிப் போகிறது. தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் குரல் 6 டெசிபல் இறங்கும், சுற்று இரைச்சல் இறங்காது. சரி, சட்டைக்குள் குட்டி மைக் இருக்கிறதே என்றால், துணி முதலில் விழுங்குவது மேல் அலைவரிசையைத்தான். மழைக் கோட்டுக்குள் மாட்டினால் சரசரப்பு வேறு.

மேல் அலைவரிசை போனால் என்ன? பட்டம், கட்டம், சட்டம் மூன்றையும் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் முதல் எழுத்தின் மெய்யோசையில் மட்டும்தான், அதுவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். உயிரோசையின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. எந்த மெய் என்று காட்டிக்கொடுப்பது சுமார் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. துணி தின்பதும் அந்தப் பக்கம்தான், மழை இரைச்சல் மூடுவதும் அதைத்தான். அதனால்தான் "பேசுறது கேட்குது, என்ன பேசுறாங்கன்னு புரியலை" என்கிறோம். அந்த நிலையில் வால்யூம் ஏற்றிப் பயனில்லை, மழையும் சேர்ந்தே ஏறும்.

இன்னொன்று, யாரும் ஒப்புக்கொள்ளாத விஷயம். இயக்குநரும் எடிட்டரும் அந்த வசனத்தை நூறு தடவை கேட்டு மனப்பாடம் ஆகியிருப்பார்கள். வாய் அசைந்தாலே அவர்கள் மூளை வார்த்தையை நிரப்பிவிடும். காட்சியை முதல்முறை கேட்கும் ஒரு ஆளை மிக்ஸ் அறையில் உட்காரவைத்தால் போதும், தெரிந்துவிடும்.

ராத்திரிஷோ:
ஒலி மட்டுமா? ஐந்தாவது எபிசோடு சுரங்கக் காட்சி முழுக்கக் கறுப்புத் திரை. ரேடியோ நாடகம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடுச்சேனல்:
அதுவும் பழைய பஞ்சாயத்து. 2019 ஏப்ரலில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசனின் இரவுப் போர் எபிசோடுக்கு இதே கூச்சல். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் சொன்ன பதில், நிறையப் பேருக்கு டிவியைச் சரியாக அமைக்கத் தெரியவில்லை என்பது.

சுரங்கக் காட்சியை வண்ணம் திருத்தியவர் உட்கார்ந்திருந்தது இருட்டறை. சாதா எஸ்டிஆர் (எச்டிஆர் அல்லாத) வீடியோவுக்கு மானிட்டரின் உச்ச வெளிச்சம் 100 நிட்ஸ்தான் (திரை வெளிச்சத்தின் அலகு), சுவரில் மங்கிய விளக்கு. நீங்கள் பகல் வெளிச்சத்தில், மின்சாரச் சிக்கன மோடை அணைக்காமல் பார்த்தால் கறுப்புதான் தெரியும்.

பெட்டியோ ஸ்டிக்கோ எச்டிஎம்ஐ-யில் இணைத்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிளாக் லெவல் செட்டிங். வெளிச்சத்தை எண்ணாக அனுப்புவதில் இரண்டு பாணி உண்டு. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர் பாணியில் 0 முதல் 255. பெட்டி 0–255 அனுப்பி, டிவி 16–235 என்று நினைத்துக்கொண்டால், 16-க்குக் கீழே உள்ள நிழல் விவரம் எல்லாம் ஒரே கறுப்பாக அடைந்துபோகும். மாறி இருந்தால் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கும். இரண்டு முனையிலும் லிமிடெட் (16–235) என்று வையுங்கள். அப்புறம் ஃபிலிம்மேக்கர் மோட் அல்லது சினிமா மோட். டைனமிக் கான்ட்ராஸ்ட்டை அணையுங்கள், இருட்டை இன்னும் இருட்டாக்குவது அதுதான்.

ராத்திரிஷோ:
ஆப் டிவிக்குள்ளேயே இருக்கிறது, எச்டிஎம்ஐ கிடையாது. சிக்கன மோடு அணைத்தாச்சு, அறையும் இருட்டு. அப்படியும் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

ஒலிமேசை:
கட்டம் என்றால் அது டிவி இல்லை, ஸ்ட்ரீமின் பிட்ரேட், அதாவது நொடிக்கு வரும் தரவின் அளவு. சுருக்கும் மென்பொருள் இருட்டுப் பகுதியில்தான் முதலில் கைவைக்கும், கண்ணுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில். நெட்ஃப்ளிக்ஸ் 1080பிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே-வுக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது. இணைப்பு தொய்ந்தால் சத்தமில்லாமல் கீழ்த் தரத்துக்கு இறங்கிவிடும். வெளிச்சக் காட்சியில் தெரியாது, சுரங்கத்தில் பல்லிளிக்கும். காட்சியை நிறுத்தி, ஒரு நிமிஷம் பின்னால் தள்ளி, தரம் ஏறிய பிறகு பாருங்கள். அப்படியும் கட்டம் தெரிந்தால் ஒளிப்பதிவாளரைத் திட்டுங்கள்.

கடைசிவரிசை:
படத்தை விடுங்கள், காருக்குத் திரும்புவோம். என் கேஸுக்கு சாட்சி ஒன்று இருக்கிறது. அதே மூன்றாவது எபிசோடைத் தமிழ் டப்பிங் ட்ராக்கில் போட்டுக் கேளுங்கள். அதே டிவி, அதே அறை, அதே மழை, கடைசி மூன்று வரி தவிர ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு! டிவி குற்றவாளி என்றால் டப்பிங் மட்டும் எப்படிக் கேட்கிறது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நடுச்சேனல்:
கூடம் நிஜமாகவே கோணல்தான் என்றால்?

டப்பிங் குரல் சத்தம் புகாத அறையில், மைக்குக்கு முன்னால் நின்று பேசியது. மழைக் கோட்டும் இல்லை, பூம் தூரமும் இல்லை. அதோடு டப்பிங் மிக்ஸில் குரலை ஏற்றி, இசையையும் சூழலொலியையும் அமுக்கிவிடுவது சகஜம். அதனால்தான் காருக்குள் பேசினாலும் கல்யாண மண்டபத்தில் பேசினாலும் ஒரே குரல். தெளிவுதான், ஆனால் இடம் செத்துப்போச்சு. எனக்கு அந்த வியாபாரம் பிடிக்கவில்லை.

இன்னொரு கேள்வி. டப்பிங் ட்ராக் 2.0-வா (இரண்டே சேனல், அதாவது ஸ்டீரியோ), 5.1-ஆ? ஆடியோ மெனுவில் மொழிப் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். டப்பிங் 2.0, அசல் 5.1 என்றால் உங்கள் சாட்சி கூண்டிலேயே கவிழ்ந்துவிடும். ஒன்றை ஸ்டுடியோவில் உட்கார்ந்து இரண்டு சேனலாகச் செய்திருக்கிறார்கள், மற்றதை உங்கள் டிவி சூத்திரம் போட்டு மடிக்கிறது.

கடைசிவரிசை:
பார்த்தேன். அசல் 5.1, டப்பிங் ஸ்டீரியோ. மெனுவில் அசல் மொழி ஸ்டீரியோவும் கீழே இருக்கிறது, தானாக எடுத்துக்கொண்டது 5.1.

ஒலிமேசை:
அப்போ ஒழுங்காகச் சோதிக்கலாம். அசல் மொழி, ஸ்டீரியோ ட்ராக், சப்டைட்டில் இல்லாமல், சுமாரான இயர்போனில் அந்த ஆறு நிமிஷம். இயர்போனில் தெளிவாக இருந்தால் குற்றம் அறையிலும் டிவி ஸ்பீக்கரிலும். இயர்போனிலும் புரியாவிட்டால் பதிவிலோ மிக்ஸிலோ. சப்டைட்டிலை அணைப்பது முக்கியம், கண் படித்துவிட்டால் காது கேட்ட மாதிரியே நடிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆடியோ அவுட்புட்டில் தப்பான தேர்வு இருந்தால், சில கருவிகள் 5.1-ஐ மடிக்காமல் முன் இரண்டு சேனலை மட்டும் எடுத்துப் பாடும். இசை கணீரென்று கேட்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அது மிக்ஸே இல்லை, நடுச் சேனல் காணாமல் போன கேஸ். சவுண்ட்பார் இல்லாதவர்கள் அவுட்புட்டை பிசிஎம் (ஒலியின் சுருக்கத்தைக் கருவியே அவிழ்த்து அனுப்பும் வகை) என்று வைத்தால் தீரும்.

நடுச்சேனல்:
டிவி பக்கம் செய்ய வேண்டியது, முதலில் எதைச் செய்தால் பலன் அதிகம் என்ற வரிசையில்: ஸ்டீரியோ ட்ராக்குக்கு மாறுங்கள். வர்ச்சுவல் சரவுண்ட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள், நடுவில் நிற்க வேண்டிய குரலைப் பக்கவாட்டில் பூசிவிடுவது அதுதான். நைட் மோடைப் போடுங்கள், லாரியை இறக்கிக் கிசுகிசுப்பை ஏற்றும். ஈக்வலைசர் இருந்தால் 2000–4000 பக்கம் 3 டெசிபல் கூட்டி, 200 பக்கம் 3 குறையுங்கள். அதற்கு மேல் போனால் ஸகரம் எல்லாம் சீறும். டிவி மேசையில் உள்ளே தள்ளி இருந்தால் முன் விளிம்புக்கு இழுங்கள், கீழ் நோக்கிய ஸ்பீக்கர் முதலில் மரப்பலகையோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது. சவுண்ட்பார் வாங்குவதாக இருந்தால் 2.1 வேண்டாம், 3.1. அந்த மூன்றாவதுதான் குரலுக்கு.

கடைசிவரிசை:
ஒரு சீரிஸ் பார்க்க இத்தனை வேலை! அமேசான் 2023-ல் டயலாக் பூஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, குரலை மட்டும் தனியாக ஏற்றுவதற்கு. குறை இல்லை என்றால் மருந்து எதற்கு?

நடுச்சேனல்:
கண்ணாடி விற்கிறார்கள் என்பதால் புத்தகத்தின் எழுத்து சின்னது என்று ஆகாது. காது மந்தமானவர்களுக்கும் ராத்திரியில் மெதுவாக வைப்பவர்களுக்கும் அது நல்ல வசதி.

ராத்திரிஷோ:
எழுத்து நிஜமாகவே சின்னதாக அச்சடித்திருந்தால்?

கடைசிவரிசை:
இயர்போன், ஸ்டீரியோ, சப்டைட்டில் இல்லாமல் கேட்டாச்சு. அக்கா பேசும் எல்லாமே தெளிவு. அதை டிவி தலையில் போடுகிறேன், ஒப்புக்கொள்கிறேன். லாரியும் நைட் மோடில் அடங்கிவிட்டது. ஆனால் தம்பி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்லும் கடைசி மூன்று வரி இயர்போனிலும் புரியவில்லை, நான்கு தடவை ஓட்டியும். கொலைகாரன் பெயர் அதில்தான் வருகிறது.

ஒலிமேசை:
அந்த மூன்று வரி எனக்கும் புரியவில்லை. வைட் ஷாட், முகம் திரும்பியிருக்கிறது, உதடும் தெரியாது. அங்கே அதே நடிகரைப் படப்பிடிப்புக்குப் பிறகு ஸ்டுடியோவில் பேசவைத்து ஒட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, உதடு ஒத்துப்போக வேண்டிய கவலையே இல்லாத ஷாட். நடிப்பின் உயிர் போய்விடும் என்று சில இயக்குநர்கள் டப்பிங்கையே தொடமாட்டார்கள். இங்கே அந்தப் பிடிவாதம் கதையின் முடிச்சையே விழுங்கிவிட்டது.

நடுச்சேனல்:
அந்த மூன்று வரியை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். மீதி ஐந்தரை நிமிஷத்துக்கு மார்க் திரும்பக் கொடுங்கள்.

கடைசிவரிசை:
6.5. அதற்கு மேல் பேரம் இல்லை. அந்தப் பெயர் என்ன என்று யாராவது ஸ்பாய்லர் மறைப்புக்குள் எழுதுங்கள், சப்டைட்டிலிலும் வெறும் "முணுமுணுப்பு" என்றுதான் போட்டிருக்கிறான்.