மேனோஸ் பொடி நீர்க்கடுப்புக் கிருமியின் பிடியை விடுவிக்குமா?

மருதாணி:
போன வருஷம் மட்டும் எனக்கு நாலு தடவை நீர்க்கடுப்பு. சிறுநீர்ல என்ன கிருமின்னு பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட் நாலுலயும் ஈ.கோலை பாக்டீரியாதான். மாத்திரை முடிஞ்சு மூணு வாரம் நிம்மதி, மறுபடி எரிச்சல். இப்போ ஆறு மாசமா டி-மேனோஸ் பொடி தினமும் 2 கிராம் தண்ணியில கலக்கிக் குடிக்கிறேன். ஒரு தடவைகூட வரல. கிருமி நீர்ப்பையில ஒட்டுறதே மேனோஸ் சர்க்கரையைப் பிடிச்சுத்தான்னு படிச்சேன். அப்போ டாக்டர்கள் ஏன் இதை முதல்லயே எழுதித் தர்றதில்ல?

கணியன்:
உங்களுக்கு வராமல் இருப்பதில் சந்தோஷம். ஆனால் பொடியால்தான் வரவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? அடிக்கடி அவதிப்படுபவர்களுக்கும் சில மாதங்கள் தானாகவே வராமல் இருப்பதுண்டு. பிரிட்டனில் 598 பெண்களிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. ஒரு பாதிக்கு மேனோஸ், மறுபாதிக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஃப்ரக்டோஸ் என்ற வேறு சர்க்கரை, தினம் 2 கிராம், ஆறு மாதம். தாம் சாப்பிடுவது எது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. மேனோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்று என்று மருத்துவரிடம் வந்தார்கள். மற்றவர்களில் 55.7 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

கண்ணாடிச்சில்லு:
கணியன் சார், எண்களை ஒத்துக்கறேன். ஆனா கிருமி மேனோஸைப் பிடிக்கிறதே கட்டுக்கதைன்னு யாரும் நினைச்சுடக் கூடாது. எம்.எஸ்சி. லேப்ல நானே செஞ்சு பார்த்தது இது. ரெண்டு நாள் அசைக்காம வளர்த்த ஈ.கோலை ஒரு சொட்டு, பேக்கரி ஈஸ்ட் கரைசல் ஒரு சொட்டு, ஸ்லைடுல விட்டு மெதுவா ஆட்டணும். கொஞ்ச நேரத்துல பால் திரிஞ்ச மாதிரி திட்டுத்திட்டா சேரும். ஈஸ்ட்டோட மேற்சுவர்ல மேனோஸ் நிறைய இருக்கு. அதுலயே மேனோஸ் கரைசல் ஒரு சொட்டு விட்டா திட்டுகள் கலைஞ்சு பழையபடி பால் மாதிரி ஆயிடும்.

பிடிக்கிறது எதுன்னா, கிருமியோட உடம்பைச் சுத்தி நீட்டிக்கிட்டிருக்கிற பில்லிங்கிற இழைகள். சுமார் 7 நானோமீட்டர் தடிமன், ஒண்ணு ரெண்டு மைக்ரோமீட்டர் நீளம். ஃபிம்-ஏ புரதம் நூத்துக்கணக்குல சுருளா அடுக்கினதுதான் தண்டு. நுனியில மட்டும் ஃபிம்-ஹெச், அதுதான் கொக்கி. நீர்ப்பையோட உள்சுவரை மூடியிருக்கிற யூரோபிளாக்கின் புரதத்துல தொங்குற மேனோஸ்ல அது மாட்டிக்குது. ஃபிம்-ஹெச் இல்லாத ஈ.கோலையால எலியோட நீர்ப்பையில காலூன்ற முடியறதில்ல. இவ்வளவு தெளிவா தெரிஞ்ச ஒரு பிடியை எப்படி விட்டுட முடியும்?

கணியன்:
உங்கள் ஸ்லைடில் நீரோட்டம் கிடையாது. ஃபிம்-ஹெச் சுருக்குக் கயிறு போன்றது, இழுக்க இழுக்க இறுகும். சியாட்டிலில் வெண்டி தாமஸும் எவ்கெனி சொகுரென்கோவும் இருந்த குழு 2002-இல் இதைக் காட்டியது. ஓட்டம் கூடும்போது கிருமியின் பிடி வலுத்தது. ஓட்டத்தில் இறுகிய பிடியைக் கரைந்த மேனோஸால் கழற்றுவது கடினம் என்பதும் பிறகு தெரியவந்தது. ஒட்டிய கிருமி வெளியிலேயே நிற்பதும் இல்லை. செயின்ட் லூயிஸில் ஸ்காட் ஹல்ட்கிரன் குழு எலிகளில் கண்டபடி, அது செல்லுக்குள் புகுந்து கூட்டமாகப் பெருகுகிறது. உள்ளே ஒளிந்ததைக் கரைத்துக் குடித்த சர்க்கரை என்ன செய்யும்?

மருதாணி:
குரோஷியாவுல 308 பெண்கள வச்சு செஞ்ச ஆய்வையும் சொல்லுங்க. மேனோஸ் எடுத்தவங்கள்ல சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப வந்துச்சு. நைட்ரோஃபுரான்டோயின்கிற ஆன்டிபயாட்டிக் எடுத்தவங்கள்ல 20, எதுவும் எடுக்காதவங்கள்ல 60.

கணியன்:
அந்த மூன்றாவது குழுவுக்குப் போலிப் பொடிகூடத் தரவில்லை. அந்த 60-ஐ அப்படியே நம்ப எனக்குத் தயக்கம்.

கண்ணாடிச்சில்லு:
சுருக்குக் கயிறு உவமை சரிதான் சார். ஆனா அது ஏற்கெனவே மாட்டின கிருமிக்கு. நான் சொல்றது மாட்டுறதுக்கு முன்னாடி. நம்ம சிறுநீர்லயே யூரோமோடுலின்னு ஒரு புரதம் இருக்கு. அதுலயும் மேனோஸ் உண்டு. கிருமி நீர்ப்பையைப் பிடிக்காம இதைப் பிடிச்சுக்கிட்டு சிறுநீரோட வெளியே போயிடும். உடம்பே செய்யற வேலையை அசட்டை பண்ண எனக்கு மனசு வரல. வெறும் மேனோஸ் ஃபிம்-ஹெச்சோட லேசாத்தான் சேரும். அதைவிடப் பல மடங்கு அழுத்தமா, ஃபிம்-ஹெச்ல மேனோஸ் உக்கார்ற குழியில உக்கார்ற மேனோசைடுங்கிற, மேனோஸை வச்சு உருவாக்கின மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் செஞ்சிருக்காங்க. என் நம்பிக்கை அங்கேதான், கடையில கிடைக்கிற பொடியில இல்ல.

மருதாணி அக்கா, ஒண்ணு சொல்லணும். சிறுநீரகம் வரைக்கும் ஏறுற ஈ.கோலை பலதுல பி-ஃபிம்பிரியேன்னு வேற கொக்கி இருக்கு. அது பிடிக்கிறது கேலக்டோஸ் இருக்கிற வேற சர்க்கரையை. அங்கே மேனோஸுக்கு வேலையே இல்ல. குளிர் காய்ச்சலோ விலாவுல வலியோ வந்தா பொடியை நம்பி ஒருநாள்கூட உக்காந்துடாதீங்க.

மருதாணி:
சரிம்மா. டப்பால இன்னும் இருபது நாளைக்கு இருக்கு. தீர்ந்ததும் நிறுத்திப் பார்க்கிறேன். எரிச்சல் வந்தா மாத்திரைக்கு முன்னாடி கல்ச்சர் கொடுத்துட்டு, என்ன கிருமின்னு இங்கேயே எழுதறேன். கணியன் சார், அப்போ நீங்களும் வந்து பாருங்க.