பிரித்த சால்வை

மேமியோவிலிருந்து ஒரு சகோதரி:

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒன்பது பேர் வியாழன்தோறும் பிற்பகலில் கம்பளி நூலும் ஊசியுமாக உட்காருகிறோம். மேமியோ பர்மாவில் 3,500 அடி உயரத்து மலை ஊர். ஸ்வெட்டர் பின்னி விற்றே பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்கள் இங்கே உண்டு. ஜெபித்துக்கொண்டே பின்னி, துன்பத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் ஜெபச் சால்வை என்ற வழக்கம்தான் எங்களிடம் பிந்தி வந்தது. 1998-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்ட் இறையியல் கல்லூரியில் பயின்ற ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா கேலோ என்ற இரண்டு பெண்கள் தொடங்கிவைத்த பணி அது. 57 கண்ணி ஏற்றி, மூன்று நேராக, மூன்று புரட்டி என்று வரிசை முழுக்கப் பின்ன வேண்டும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று வாய் தானாக முணுமுணுக்கும். யாருக்குப் போகிறது என்று தெரிந்தால் அவர் பேரைச் சொல்லி ஜெபிப்போம். தெரியாவிட்டால் ‘இதைப் போர்த்திக்கொள்ளப் போகிறவர்’ என்போம்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பூமி அதிர்ந்தது. 7.7 அளவு. சில நாள் கழித்து அரிசி, தண்ணீர், கொசுவலையோடு மாண்டலேக்கு மலையிறங்கினோம். கைவசம் இருந்த பதினொரு சால்வைகளையும் எடுத்துக்கொண்டோம். கீழே நெருப்பாய் வெயில். தெருவோரம் தார்ப்பாய்க்கு அடியில் வியர்த்துக்கொண்டிருப்பவரிடம் கம்பளியை நீட்ட என் கை கூசியது. இரண்டு குழந்தைகளோடு இருந்த ஓர் இளம் பர்மியத் தாயிடம் நான் பின்னிய தேன்நிறச் சால்வையைக் கொடுத்தேன். அவர் புத்த மதத்தவர். ஜெபிக்கலாமா என்று கேட்டேன், கை குவித்துத் தலைகுனிந்தார். பிறகு சால்வையை நான்காக மடித்துச் சின்னவன் தலைக்கு அடியில் வைத்தார்.

டிசம்பரில் மறுபடியும் போனோம். தார்ப்பாய் இருந்த இடத்தில் மூங்கில் குடிசை. அதற்குள்ளிருந்து தேன்நிறக் குல்லாயோடு சின்னவன் ஓடிவந்தான். பின்னாலேயே அக்காக்காரி, அதே நிறத்தில் கையில்லாத ஸ்வெட்டர். சால்வையைக் காணோம். எனக்குச் சுருக்கென்றது.

“அமா, முழுவதையும் பிரித்துவிட்டேன்” என்றார் அந்தத் தாய். அமா என்றால் அக்கா. பிரித்த நூல் சுருள் சுருளாக நெளிந்துகொண்டு நிற்கும் என்பது பின்னுகிறவர்களுக்குத் தெரியும். அவர் அதை முழங்காலில் சுற்றி நூற்கழியாக்கி, தண்ணீரில் நனைத்து, மூங்கிலில் மாட்டி, இடிந்த சுவரின் செங்கல் ஒன்றை அடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இரண்டு நாளில் நூல் நிமிர்ந்துவிட்டதாம். மிச்ச உருண்டையையும் பத்திரமாக எடுத்துக் காட்டினார், எலுமிச்சம்பழ அளவு இருந்தது. “ஓரிடத்தில் மூன்றுக்குப் பதில் நான்கு கண்ணி புரட்டியிருந்தீர்கள்” என்று சிரித்தார். எனக்கே தெரியாத பிழை. நான் ஜெபித்துப் பின்னிய ஒவ்வொரு கண்ணியையும் கடைசியிலிருந்து முதல்வரைக்கும் அவர் விரல் தொட்டுப் பார்த்திருக்கிறது.

திரும்பி வந்து சொன்னபோது எங்களில் மூத்த அக்கா ஒருவர், “ஜெபம் பண்ணினதைப் பிரிக்கலாமா?” என்று வருத்தப்பட்டார். வேதாகமத்தில் வரும் யோப்பா பட்டணத்துத் தொற்காள் செய்து கொடுத்ததும் விதவைகள் உடுத்தத்தானே, அக்கா? இரண்டு பிள்ளைகளுக்குக் குளிர் அடங்கியது. இப்போது சால்வை கொடுக்கும்போது ஒரு ஜோடி ஊசியையும் சேர்த்தே கொடுக்கிறேன்.

ரங்கூனிலிருந்து இன்னொரு சகோதரி:

எங்கள் ஊர் வெக்கைக்குக் கம்பளி ஆகாது. பருத்தி நூலில் குரோஷா ஊசியால் பின்னுகிறோம், பெரும்பாலும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு. இரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுற்றித் திரும்புவதால் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் அவர்களுக்கு உடம்பு நடுங்கும். இது எங்களுக்குத் தெரியாது, ஒரு பெரியவர்தான் சொன்னார். முதலில் முழுச் சால்வை கொடுத்தோம். ஊசி ஏற்றிய கையை நர்ஸ் அடிக்கடி பார்க்க வேண்டும், கனமாக மூடக்கூடாது என்று சொன்னார்கள். அதன்பிறகு ஒரு தோளையும் மார்பையும் மட்டும் மூடுகிற அளவுக்குச் சிறிதாக்கினோம். அந்தப் பெரியவர் வாரம் இரண்டு தடவை அதைப் போர்த்திக்கொண்டு போகிறார். அவரே தோய்த்து மடித்து வைப்பதாக மருமகள் சொன்னாள்.

மோல்மீனிலிருந்து ஒரு சகோதரர்:

எனக்குப் பின்னத் தெரியாது. அம்மா பின்னுவார். போன ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது ஒரு சால்வை பாதியில் நின்றது, ஊசியில் 57 கண்ணியும் அப்படியே. யாரும் தொடக்கூடாது என்று பெட்டியில் வைத்திருந்தேன். மேலே உள்ளதைப் படித்த அன்று இரவு அதை எடுத்து மகளிடம் கொடுத்தேன். நேற்றுவரை ஆறு வரிசை பின்னியிருக்கிறாள். அம்மாவின் பின்னல் இறுக்கம், இவளுடையது தளர்வு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அம்மா நிறுத்திய இடம் கைக்குத் தெரிகிறது.