இன்வென்ஷன் ஆல்பம் (1997): உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஒஹையோக்காரன்:
ஃபில் கேகி, வெஸ் கிங், ஸ்காட் டென்ட்டே, மூணு கிட்டார்காரங்க சேர்ந்து பாட்டு வரி இல்லாம வாசிச்ச கிறிஸ்தவ ஆல்பம். இங்க யாருக்கும் அறிமுகம் வேண்டாம். நான் சொல்ல வந்தது கேகியை நேர்ல பார்த்தது. சர்ச் ஹால், முன் வரிசை. வலது கை நடுவிரல் பாதிதான்னு தெரியும், சின்ன வயசுல தண்ணி பம்ப்ல மாட்டிப் போனது. தெரிஞ்சிருந்தும் கண்ணை எடுக்க முடியல. ஒரு துண்டு வாசிச்சார், வாசிச்சதைப் பதிஞ்சு திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கிற லூப் பெடலைக் காலால மிதிச்சார், அது சுத்திக்கிட்டே இருக்க அதுக்கு மேல இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. அந்தக் குட்டை விரல் வேலை செய்யுதா சும்மா இருக்கான்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. இன்னிக்கும் அந்த ஆல்பத்தைப் போட்டா அந்தக் கைதான் கண்ணு முன்னாடி.

ஆறுதந்தி:
கொடுத்து வெச்சவர் நீங்க! ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸே "என்னைவிட கேகிதான் பெரிய ஆளு"ன்னு டிவில சொன்னாராமே?

மூணாவது கிட்டார்:
@ஆறுதந்தி, அந்தக் கதையை விடுங்க. ஹெண்ட்ரிக்ஸ் இறந்து போனது 1970 செப்டம்பர் 18. கேகியோட பேண்ட் கிளாஸ் ஹார்ப் முதல் ஆல்பத்தைப் பதிவு பண்ணினதே அதுக்கப்புறம்தான். கேகியே எத்தனையோ தடவை மறுத்துட்டார். இப்படிப் பேசிப் பேசித்தான் மத்த ரெண்டு பேரையும் மறந்துடறோம். டென்ட்டே "அவுட் ஆஃப் தி கிரே"ங்கிற ஜோடிக் குழுவுல மனைவி கிறிஸ்டீன் பாட, பின்னாடி வாசிச்சவர். பாட்டுக்கு இடம் விட்டு வாசிக்கிற கை அது.

என்னை உறுத்துறது வேற. ஜெபக்கூட்டம் முடிஞ்சு இதைப் போட்டேன். ஒரு அங்கிள், "வசனமே இல்லையே தம்பி, இது எப்படி ஆராதனை?"ன்னார். 1998ல கிறிஸ்தவ இசைக்கான டவ் விருது வாங்கின ஆல்பம்னு சொன்னேன். அவர் கேட்டது அதில்லையே. இன்னும் பதில் தேடறேன்.

கேப்போ:
நாங்க மூணு பேர் சர்ச்ல இதுபோல வாசிச்சுப் பார்த்தோம், ஒரே இரைச்சல். முயற்சி பண்றவங்களுக்குச் சொல்றேன்: மூணு பேரும் ஒரே கார்டை ஒரே இடத்துல பிடிக்காதீங்க. ஒருத்தர் கேப்போ (கிட்டார் கழுத்துல மாட்டிச் சுருதியை ஏத்துற கிளிப்) போட்டு மேல போகட்டும், ஒருத்தர் கீழ்த் தந்திகளோட நிக்கட்டும், மூணாவது ஆள் மெலடி மட்டும். அதுவும் எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு தடவை கை மாறணும். புதுத் தந்தியை முதல் நாளே போடாதீங்க, சுருதி நிக்காது. முக்கியமா, அடுத்தவர் வாசிக்கும்போது கையை எடுத்துடுங்க. @மூணாவது கிட்டார், அந்த அங்கிளை ஒரு நாள் ரிகர்சலுக்குக் கூட்டிட்டு வாங்க.