கல்லச்சு லேபிள்: எங்கட வெக்கைக்கு எப்பிடி?

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்தில ஐரோப்பாவில இருந்து வந்த கல்லச்சுக்காரர் (கல்லில படம் எழுதி, அதில இருந்து தாளில அச்சடிக்கிற ஆக்கள்) யாழ்ப்பாண வெயிலில சுருட்டு லேபிள் அடிச்சால் என்ன பிழைக்கும்? எங்கட சுண்ணாம்புக்கல் பாவிக்கலாமோ?

பதில் 1: ஏலாது அண்ணை, எங்கட கல் ஓட்டை விழுந்தது. ஜெர்மனியில பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்தான் ஓட்டையில்லாமல் இறுக்கமானது. நிறத்துக்கு ஒரு கல். மணலும் தண்ணியும் போட்டுத் தேய்ச்சு, கல்லில இருந்த பழைய படத்தை அழிச்சு, கொழுப்பு மையால எழுத்தை இடம்வலம் மாத்தி எழுதவேணும். பிறகு கருவேலம் பிசினோட கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து கல்லில பூசவேணும்.

பதில் 2: அந்தக் 'கொஞ்சம்'தான் வேலையே. கூடினால் மெல்லிய கோடு அறும். குறைஞ்சால் வெற்றிடத்திலயும் மை ஏறும். வெக்கையில பெரிய கரைச்சல் கல் காயிறது; காய்ஞ்சால் வெற்றிடத்திலயும் மை ஒட்டும். ஒவ்வொரு தாளுக்கும் முதல் ஈரத்துணி, பிறகுதான் மை உருளை. மாரியில தாள் ஈரமிழுத்து நீளும், இரண்டாம் நிறம் விலகும்.

கேட்டவர்: அப்ப தாளை அச்சறையிலயே சில நாள் விரிச்சு வைக்கவேணுமோ?

பதில் 2: ஓம், தொங்கவிட்டால் இன்னும் நல்லம்.