பழைய ஸ்பா பந்தயச் சாலையை மரத்தில் ஸ்லாட் கார் தடமாகச் செய்தல்: காடி, மேடு, காடு குறித்துச் சில ஐயங்கள்

கரிச்சான் (ஹாரோ, இலண்டன்) எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டுக் கராஜ் ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உடையது. கார் ஒன்று அதற்குள் நின்று நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில், 1:32 அளவுள்ள ஸ்லாட் கார்கள் (தடத்தில் வெட்டிய காடிக்குள் அடிமுளையைச் செருகி மின்சாரத்தில் ஓடும் சிறு கார்கள்) ஓடும்படி, பெல்ஜியத்தின் பழைய ஸ்பா பந்தயச் சாலையை, 1967 இல் பந்தய வீரர் டான் கர்னி ஈகிள் காரில் வென்றபோது அது இருந்த கோலத்தில் மரத்தில் செய்ய விரும்புகிறேன். இன்றுள்ள 7 கிலோமீட்டர்த் தடத்தைச் சொல்லவில்லை. பண்ணை வீடுகளுக்கும் தந்திக் கம்பங்களுக்கும் இடையே ஊர்ச் சாலையிலேயே ஓடிய 14.1 கிலோமீட்டர்ச் சாலையைச் சொல்கிறேன்.

அதை 32 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 440 மீட்டர் வருகிறது. ஆகவே முழுச் சாலையையும் செய்யும் பேச்சுக்கே இடமில்லை. லா சூர்ஸ் கொண்டை ஊசி வளைவு, அங்கிருந்து பிட் கட்டடத்தை (பந்தயக் கார்களைப் பழுதுபார்க்கும் இடம்) கடந்து இறங்கும் சரிவு, ஓ ரூஜ் ஏற்றம், மாஸ்டாவில் வீடுகளுக்கு நடுவே வரும் அந்த இடவலத் திருப்பம், ஸ்டாவ்லோ ஆகிய ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஆர்டென் காட்டின் மரங்களுக்குள் மறைத்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் 15 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒன்றேகால் மீட்டர் நீளத்துக்குச் சோதனைத் துண்டு ஒன்று செய்தேன். காடி வெட்டி, சாயம் அடித்து, காருக்கு மின்சாரம் தரச் செப்பு நாடா ஒட்டி, கராஜிலேயே வைத்திருந்தேன். சனவரியில் எடுத்துப் பார்த்தபோது, ஓரத்துக்கு அருகில் காடி உப்பிக் குறுகியிருந்தது. கார் அந்த இடம் வந்ததும் தொண்டையில் முள் சிக்கியதுபோல் நின்றுவிடுகிறது. வளைவில் நாடாவும் ஒருபக்கம் பெயர்ந்துவிட்டது. பலகை விற்றவரோ கராஜுக்கு இதுவே போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நான்கு லேன் வைப்பதா, இரண்டு போதுமா என்பதும், ஓ ரூஜ் ஏற்றத்தைத் தனித் துண்டாகச் செய்து இணைப்பதா, பலகையையே வளைப்பதா என்பதும், நாடாவை விட்டுவிட்டுச் செப்புக் கம்பிப் பின்னலுக்குப் போவதா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தச்சன்மகன் (டோர்ட்முண்ட்) எழுதியது:

கரிச்சான் அவர்களுக்கு, நான் இதுவரை மூன்று தடங்கள் செய்திருக்கிறேன், முதலாவது விறகாயிற்று. அதனால் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

லேன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். லேனுக்கு லேன் 90 மி.மீ. இடைவெளியும், கார் வால் வீசித் திரும்புவதற்காக இரு ஓரத்திலும் 75 மி.மீ. இடமும் விட்டால், இரண்டு லேன் சாலையின் அகலம் 240 மி.மீ. ஆகும். அதை 32 ஆல் பெருக்கினால் ஏழே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கிராமத்துச் சாலைக்கு அது பொருந்தும். நான்கு லேன் என்றால் 420 மி.மீ., அதாவது நிஜத்தில் பதின்மூன்றரை மீட்டர் அகலமுள்ள நெடுஞ்சாலை. அதன் ஓரத்தில் நீங்கள் எவ்வளவு அழகாகப் பண்ணை வீடு கட்டினாலும் ஸ்பா என்று எவரும் நம்பமாட்டார்கள். நண்பர் கூட்டம் பெரிதாக இருந்து போட்டி நடத்துவதே நோக்கமென்றால் நான்கு வையுங்கள். இடத்தின் சாயல் வேண்டுமென்றால் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இரண்டு லேன் வைக்கும்போது வெளி லேன் உள் லேனைவிட 56 செ.மீ. அளவுக்கு நீளமாக இருக்கும். தன்னைத் தானே வெட்டிக் கடக்காத தடம் எந்த வடிவத்தில் வளைந்தாலும் இந்த வேறுபாடு மாறாது, ஏனெனில் அது இடைவெளியை இரண்டு பையால் (2π) பெருக்கி வருவது. பாதி ஆட்டத்தில் லேன் மாற்றிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

இனி ஓ ரூஜ். துண்டாகச் செய்து இணைக்க வேண்டாம். இணைப்பு வரும் இடமெல்லாம் காடியில் படி விழும், காரின் கைடு, அதாவது காடிக்குள் ஓடும் அடிமுளை, அதில் தட்டும். முழுச் சாலையையும் தரையில் தட்டையாக வைத்தே காடி வெட்டி முடியுங்கள். பிறகு ஏற்றம் வரும் பகுதியில் சாலையின் இரு ஓரங்களையும் வாள்கொண்டு அறுத்து, சுற்றியுள்ள பலகையிலிருந்து சாலையை மட்டும் விடுவித்து, அடியில் கட்டைகளை முட்டுக்கொடுத்துத் தூக்குங்கள். 12 மி.மீ. பலகை இதற்கு இணங்கி வளையும், 18 மி.மீ. முரண்டு பிடிக்கும். காடியின் ஆழம் 8 மி.மீ. என்றால் அடியில் 4 மி.மீ.தான் மிஞ்சுகிறது, ஆகையால் தூக்கும் முன்பே காடிக்குக் கீழே குறுக்காகச் சிறு சட்டங்களைப் பசையிட்டுவிடுங்கள். ஓ ரூஜ் வளைந்துகொண்டே ஏறுவதால் பலகையில் முறுக்கும் விழும்; 30 செ.மீ. இடைவெளியில் ஒரு கட்டை தேவைப்படும்.

ஏற்றத்தின் அடியிலும் முடியிலும் வளைவு திடீரென்று வரக்கூடாது. முடி கூர்மையாக இருந்தால் முன்னால் இருக்கும் கைடு காடியை விட்டு எழும்பி, மின்சாரமும் அறுந்துபோகும். நான் செங்குத்து வளைவுக்கு இரண்டு மீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வைப்பதில்லை. எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் 18 செ.மீ. உயர்வதற்கு, மேலும் கீழும் அந்த வளைவைச் சேர்த்து, ஒன்றே முக்கால் மீட்டர் நீளம் பிடிக்கும். உங்கள் கராஜின் நீள்சுவரில் அது தாராளமாக அடங்கும்.

காடி வெட்டுவதற்கு, வளையக்கூடிய அக்ரிலிக் பட்டை ஒன்றைப் பலகையில் சிறு திருகாணிகளால் பொருத்தி, ரவுட்டரின் (மரத்தில் பள்ளம் குடையும் கை இயந்திரம்) அடித்தட்டை அதன்மேல் உரசிக்கொண்டு தள்ளுங்கள். கவராயத்தால் வரைந்த வளைவு நேர்கோட்டிலிருந்து வெடுக்கென்று தொடங்கும். பட்டையோ தானாகவே மெல்ல மெல்ல இறுகி வளையும், நிஜச் சாலையும் அப்படித்தான். முதல் காடி முடிந்ததும், ரவுட்டர் தட்டில் வெட்டும் அலகிலிருந்து 90 மி.மீ. தள்ளி ஒரு முளையைப் பொருத்தி, அம்முளை முதல் காடிக்குள் ஓடும்படி இரண்டாவதை வெட்டினால் இடைவெளி எங்குமே பிசகாது. எம்.டி.எஃப். தூள் மாவினும் நுண்ணியது. நல்ல முகக்கவசம் இல்லாமல் ரவுட்டரைத் தொடாதீர்கள்.

உங்கள் காடி உப்பியதற்குக் காரணம், வெட்டிய இடம் மூடப்படாமல் இருந்ததுதான். பலகையின் மேல்தோல் ஓரளவு ஈரம் தாங்கும், வெட்டுவாய் கடற்பஞ்சு. ஈரம் தாங்கும் வகையை வாங்குங்கள், அதைப் பெரும்பாலும் பச்சை நிறம் கலந்து விற்கிறார்கள். காடியின் உட்புறத்துக்கும் பலகையின் அடிப்பக்கத்துக்கும் நீர்த்த வார்னிஷ் இரண்டு முறை பூசி, காய்ந்தபின் பழைய ஹேக்ஸா பிளேடில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

வேலணையான் (டொராண்டோ) எழுதியது:

தம்பி கரிச்சான், மேலே சொன்னவை எல்லாம் சரி. மின்சாரத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

6 மி.மீ. அகலமும் 35 மைக்ரான் தடிப்பும் உள்ள செப்பு நாடா மீட்டருக்கு 0.08 ஓம் தடை கொடுக்கும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு நாடா இருப்பதால் 0.16. உங்கள் தடம் 14 மீட்டர் என்று வைத்து, ஓரிடத்தில் மட்டும் இணைப்புக் கொடுத்தால், எதிர்க்கோடியில் நிற்கும் கார் முழு வேகத்துக்கு 2 ஆம்பியர் இழுக்கும்போது 12 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அடியில் தடித்த செம்பு வயர் ஒன்றைச் சுற்றவிட்டு, நான்கு இடங்களில் நாடாவுடன் பற்றவைத்தால் இழப்பு கால் வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வெள்ளீயம் பூசிய செப்புப் பின்னலையே போடுவேன். அதற்குக் காடியின் இருபுறமும் ஆழமில்லாத பள்ளம் வெட்ட வேண்டும் என்பதால் வேலை இரட்டிப்பாகும். பின்னல் சாலை மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே படுக்க வேண்டும், அதிகம் தாழ்ந்தால் காரின் தொடுமுனை எட்டாது. எனினும் வெப்பத்திலும் குளிரிலும் பலகை அசையும்போது பின்னல் இழுபட்டுக் கொடுக்கும், நாடா சுருக்கம் விழுந்து எழும்பும்.

பிளாஸ்டிக் தடத்தில் இரும்புத் தண்டவாளம் காரின் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். செம்பில் அந்தப் பிடிப்பு இல்லை. காந்தத்தைக் கழற்றிவிட்டு, கைடுக்குப் பின்னால் சில கிராம் ஈயம் ஒட்டி, டயர்களை உப்புத்தாளில் ஓடவிட்டு வட்டமாக்குங்கள். கண்ட்ரோலருக்கு (கையில் பிடித்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை) மூன்று வயர் முறையில் பிரேக் கட்டாயம் வையுங்கள்: விசையை விட்டவுடன் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து, மோட்டார் தானே மின்னாக்கியாகித் தன்னை நிறுத்திக்கொள்ளும். பிட் சரிவில் இறங்கும்போது இதன் அருமை தெரியும்.

கரிச்சான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு லேன், பின்னல், பச்சைப் பலகை என்று முடிவாகிவிட்டது. காட்சியமைப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. ஆர்டென் காட்டில் 25 மீட்டர் உயர ஊசியிலை மரம் என்றால் 1:32 இல் 78 செ.மீ. வருகிறது. அத்தனை உயரத்தில் நூறு மரங்களுக்கு நான் எங்கே போவேன்?

நார்க்கயிறு (ரெடிங்) எழுதியது:

ஐயா, 78 செ.மீ. மரம் ஒன்று வைத்தாலும் கராஜ் கூரையைத்தான் பார்க்கச் சொல்லும், காரைப் பார்க்கவிடாது. சாலையோரத்தில் 30 செ.மீ., அதற்குப் பின்னால் 15, சுவரை ஒட்டி 8 என்று குறைத்துக்கொண்டே போனால் கண் தானாகவே ஏமாந்து காடு ஆழமாக இருப்பதாக எண்ணிக்கொள்ளும். சுவரோர மரங்களுக்குப் பச்சையில் சிறிது நீலமும் சாம்பலும் கலந்துவிடுங்கள்.

செய்முறை சொல்கிறேன். பூத்தொட்டிக்குள் விரிக்கும் தென்னை நார்ப் பாய் ஒன்றை வாங்கிப் பிரித்தால் காடே அதற்குள் இருக்கிறது. கம்பியை இரண்டாக மடித்து, மடிப்பைத் துளையிடும் இயந்திரத்தின் வாயில் மாட்டி, மறுமுனைகளைக் குறட்டில் இறுக்குங்கள். இரு கம்பிகளுக்கும் இடையே 12 செ.மீ. நீள நார்களை ஒற்றை அடுக்காகப் பரப்பி, இயந்திரத்தை மிக மெதுவாகச் சுழற்றினால் நார் எல்லாத் திசையிலும் விறைத்து நிற்கும், புட்டி கழுவும் தூரிகைபோல. அதைக் கூம்பாகக் கத்தரித்து, ஆங்காங்கே கொத்தாக வெட்டியெடுத்து ஓட்டைபோடுங்கள். இதைச் செய்யாத மரம் கிறிஸ்துமஸ் கடை மரமாகவே இருக்கும். பிறகு நீர்த்த மரப்பசையில் முக்கி, சாயமேற்றிய நுண்ணிய மரத்தூளைத் தூவுங்கள். ஒரு மாலைப்பொழுதில் எனக்குப் பதினைந்து மரங்கள் தேறும்.

குன்றுகளைச் செய்ய, வீடுகளில் வெப்பம் காக்க ஒட்டும் கெட்டியான நுரைப் பலகையை அடுக்கிச் செதுக்கலாம். அதே நுரையில் வீட்டுச் சுவரை வெட்டி, மை தீர்ந்த பேனாவால் கல் வரிகளை அழுத்தினால் ஆர்டென் கல்வீடு கிடைக்கும். வைக்கோல் கட்டு 28 மி.மீ. நீளம், 14 அகலம், 11 உயரம் இருந்தால் கணக்குச் சரி.

மரத்தை நடுவதற்கு முன் ஒரு மாதமாவது வெறும் பலகையில் ஓட்டுங்கள். கார் தடம்விட்டுப் பாயும் இடமெல்லாம் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் நெருங்கும் இடத்தில் புல் மட்டும். புள்ளியே இல்லாத இடத்தில் உங்கள் கைத்திறனைக் காட்டலாம். மாஸ்டாதான் சங்கடம், ஏனெனில் அங்கே வீடு சாலையை ஒட்டியே இருந்தாக வேண்டும். 1966 இல் அவ்விடத்தில் சாலையைவிட்டுப் பாய்ந்த பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட், எரிபொருள் கசிந்து நிரம்பிய காருக்குள் சிக்கிக் கிடந்தாரே, அந்த அளவுக்குத் தடுப்பில்லாத இடம் அது. எனவே வீடுகளை ஒட்டவே ஒட்டாதீர்கள். அடியில் இரண்டு மரக்குச்சிகளைச் செருகி, பலகையில் துளையிட்டு நிறுத்துங்கள். மோதினால் வீடு கழன்று விழும், உடையாது. விழும் காரை எட்டி எடுக்கவும் வழி வேண்டும், 70 செ.மீ.க்கு அப்பால் எந்த வளைவையும் வைக்காதீர்கள்.

கரிச்சான் எழுதியது:

நேற்றிரவு கராஜ் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்து பார்த்தேன். லா சூர்ஸ் வளைவு சரியாகக் கதவு திறக்கும் இடத்தில் விழுகிறது. ஸ்டாவ்லோ 70 செ.மீ. எல்லையைத் தாண்டி மூலைக்குள் போகிறது. முழு வரைபடத்தையும் அரைவட்டம் திருப்பி வைத்தால் இரண்டும் தீருகின்றன, ஆனால் ஓ ரூஜ் ஏற்றம் எதிர்ச்சுவருக்கு மாறி மின்பெட்டிக்குக் கீழே வருகிறது. நாளை காலை அதன் அடிமட்டத்தை அளந்துவிட்டு வருகிறேன், 18 செ.மீ. உயர்ந்த சாலைக்கு மேல் ஒரு 30 செ.மீ. மரம் நிற்க இடமிருந்தால் திங்களன்று பலகைக்குச் சொல்லிவிடுவேன்.