அவசரம்: டெஸ்க்டாப்ல வைஃபை படுத்தே கிடக்கு

மொட்டைமாடி: 100 எம்பிபிஎஸ் பிளான். போன்ல நல்லா வருது, டெஸ்க்டாப்ல 4, 5 தாண்டல. ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. நாளைக்கு ஆன்லைன் எக்ஸாம், சீக்கிரம் சொல்லுங்க.

குறுக்குச்சந்து: போன்ல நல்லா வருதுன்னா எங்க வெச்சுப் பாத்தீங்க? ரௌட்டர் பக்கத்துலயா, டெஸ்க்டாப் மேஜையிலயா? வைஃபை உள்ள இருக்கற கார்டுல வருதா, யுஎஸ்பியில சொருகற டாங்கிளா?

ரேகா: விண்டோஸா? டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்ல முதல் டிக்கை (கரண்ட் மிச்சத்துக்கு அடாப்டரை ஆஃப் பண்ண விடறது) எடுத்துடுங்க. பாதி கேஸ் அதுதான்.

பழையபுலி: மாசம் ரெண்டு பேர் இதையே கேக்கறாங்க, தேடிப் பாக்கறதே இல்ல. டெஸ்க்டாப் இடம் நகராத பொருள். அதுக்கு எதுக்கு வைஃபை? ரௌட்டர்ல இருந்து கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுங்க, முடிஞ்சது.

மொட்டைமாடி: மேஜையில வெச்சுதான் பாத்தேன், போன்ல 70. விண்டோஸ் 11. நகம் சைஸ் டாங்கிள், சிபியூ பின்னாடி. வாடகை வீடு, சுவத்துல ஓட்டை போட முடியாது.

சுப்பு: ரிப்பீட்டர் வாங்கிடுங்க ப்ரோ.

குறுக்குச்சந்து: வேண்டாம் சுப்பு. அதே மேஜையில போனுக்கு 70 வருது, சிக்னல் இருக்கு. ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே அனுப்பற ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். மொட்டைமாடி, வைஃபை பிராப்பர்ட்டீஸ்ல பேண்ட், சேனல், லிங்க் ஸ்பீடு மூணும் போடுங்க. டாங்கிள் பக்கத்து போர்ட்ல என்ன சொருகியிருக்கு?

மொட்டைமாடி: பேண்ட் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், சேனல் 4, லிங்க் 13 எம்பிபிஎஸ். பக்கத்துல ஹார்ட் டிஸ்க், நீல போர்ட்.

குறுக்குச்சந்து: அதேதான். நீல போர்ட்னா யுஎஸ்பி 3. அது ஓடும்போது கிளம்பற இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மேலயே விழும். போதாததுக்கு முன்னாடி தகரப் பெட்டி, பின்னாடி சுவர். போன் அநேகமா 5 ஜிகாஹெர்ட்ஸ்ல இருக்கும், அதான் தப்பிச்சுது. 1 மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, கறுப்பு போர்ட்ல (யுஎஸ்பி 2) சொருகி, டாங்கிளை மானிட்டர் மேல செலோடேப் போட்டு ஒட்டுங்க. எக்ஸாம் நேரத்துல ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிடுங்க. ரௌட்டர்ல சேனலை 1, 6, 11ல ஒண்ணா மாத்துங்க. 4ல இருந்தா 1, 6 ரெண்டு பக்கத்து இரைச்சலும் சேரும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

ரேகா: சேனல் 6க்கு மாத்தினாலே சரியாகும், ஒயர் வீண் செலவு.

குறுக்குச்சந்து: லிங்க் 13ன்னா சேனல் மட்டும் காரணமில்ல. இந்த மாதிரி டாங்கிளுக்கு 20 அகலத்துல 72 காட்டணும், கைக்கு வர்றது அதுல பாதி.

பழையபுலி: ஓட்டை போடாம கதவு ஓரமா கேபிள் ஓட்டலாம்னு தெரியாதா? 15 மீட்டர்தான். சுத்தச் செம்பு கேட்டு வாங்குங்க.

சுப்பு: 15 மீட்டருக்கு செம்பு பூசின அலுமினியக் கம்பியே ஓடும் அண்ணே.

பழையபுலி: ஓடும். ரெண்டு தடவை மடிச்சா கிளிப்புக்குள்ள முறியும். அப்புறம் எட்டுக் கம்பியில ஒண்ணு போய் ஜிகாபிட் 100ல நிக்கும். பிளேடால சுரண்டிப் பாரு, மேல செம்பு, உள்ள வெள்ளை.

சுப்பு: தகர முலாம் போட்ட செம்பும் வெள்ளையாத்தானே இருக்கும்?

பழையபுலி: முலாம் வெளிய இருக்கும். நான் சொன்னது உள்ள. வெட்டின முனையைப் பாரு.

மொட்டைமாடி: எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டேன். 38 வருது. நன்றி.

ரேகா: சேனலும் மாத்தினீங்களா?

சுப்பு: வெட்டிப் பாத்துட்டு அப்புறம் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா அண்ணே?